கோடியும் நூற்றெட்டும்

கடைசி நாள் இருந்தவர்கள்: அம்மா. அண்ணி. தங்கச்சி. நான். அண்ணை இல்லை. அவருக்காகத்தான் இருந்தோம்.

மூன்று வருடத்துக்கு முன்னம், வாடைக் காற்றில் அண்ணையின் வள்ளம் போனது. ஒரு பலகை கரைக்கு வந்தது. ஆள் வரவில்லை. செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியைச் செய்துவிடச் சொல்லி ஊர் சொன்னது. அம்மா மாட்டன் என்றா.

"முருகன்ரை பேரைக் கோடிதரம் சொல்லுவம். கோடி தலைமணியிலை வந்து முடிஞ்சா அவன் இருக்கிறான். இல்லாட்டி அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போவம்."

உருத்திராட்ச மாலையில் நூற்றெட்டு மணி. ஒருதரம் பேர் சொன்னால் ஒரு மணி. அது முடிய ஒரு பெரிய மணி, தலைமணி. அதைத் தொட்டால் ஒரு சுற்று சரி. ஆளுக்கு நாளுக்கு இருபது சுற்று. சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை சட்டியில். நூறு கொட்டைக்குச் சுவரில் ஒரு கரிக்கோடு. கணக்கு என் பொறுப்பு.

மீன்பிடித்துக் கடலால் வந்து குந்தினால் எனக்குக் கண் சொருகும்.

"அம்மா, சின்னண்ணை பாதியை விழுங்கிறார். முரு முரு எண்டுதான் கேக்குது" என்பாள் தங்கச்சி.

"விழுங்கினதைக் கணக்கிலை சேராதை" என்பா அம்மா. சிரிக்க மாட்டா.

ஒரு வருடம் போனது. ஒரு மத்தியானம் அண்ணி கிணற்றடிக்கு என்னைக் கூப்பிட்டா. அவ எட்டாம் வகுப்பு வரை படித்தவ. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கையில் சிலேட்டு.

"தம்பி, இதைப் பாரும். நூற்றெட்டை உடைச்சா ரண்டு தரம் ரண்டு, மூண்டு தரம் மூண்டு. கோடியை உடைச்சா ஏழு தரம் ரண்டு, ஏழு தரம் அஞ்சு. அதுக்குள்ளை மூண்டு ஒண்டுகூட இல்லை."

"அதுக்கென்ன?"

"எத்தினை சுற்றுச் சொன்னாலும் அது மூண்டாப் பிரியும். கோடி பிரியாது. தலைமணியிலை முடியவே முடியாது. அறுபத்திநாலாம் மணியிலை நிக்கும்."

நம்பவில்லை. பத்துக் கொட்டையை மூன்றாகப் பிரித்தேன். ஒன்று மிஞ்சியது. நூறைப் பிரித்தேன். ஒன்று. ஆயிரம். ஒன்று. அதோடு விட்டேன்.

"அண்ணி, கணக்கு என்ரை கையிலைதானே. தலைமணியைத் தொடேக்கை கோடி எண்டு சொல்லிவிடுறன். அம்மா அறியா."

"சொல்லி? பிறகு எத்தினை வரியம் நான் பொட்டோடை வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறது?"

அன்றும் அவ தன் இருபது சுற்றைச் சொன்னா. மற்ற நாளும் சொன்னா. இன்னும் இரண்டு வருடம் சொன்னா.

கடைசி நாள் காலமை சுவரில் தொளாயிரத்து இருபத்தைந்து கோடு. சட்டியில் தொண்ணூற்றிரண்டு கொட்டை. மிச்சச் சுற்றை அம்மா தனியச் சொன்னா. நான் மணி மணியாக எண்ணினேன். அண்ணி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. அறுபத்துநாலு வந்தது.

"அம்மா, கோடி."

அம்மாவின் விரல் நின்றது. மற்றக் கையால் தலைமணியைத் தடவித் தேடினா.

"இன்னும் கிடக்கே. எங்கையோ பிழை விட்டிட்டாய்."

"இல்லையம்மா."

"மாமி, ஒருத்தரும் பிழை விடேல்லை" என்றா அண்ணி. "இது முதல் நாளே வராத கணக்கு."

"உனக்கு எப்ப தெரியும்?"

"ரண்டு வரியமாத் தெரியும்."

"தெரிஞ்சுமோ இருந்து சொன்னனி?"

"ஓம் மாமி. வேறை என்ன செய்யிறது."

தங்கச்சி அழத் தொடங்கினாள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை.

"சுற்றை அரையிலை விடக்கூடாது" என்றா அம்மா. மிச்ச மணிகளையும் சொன்னா. அவசரப்படவில்லை. தலைமணியைத் தொட்டா. மாலையைக் கையிலிருந்து கழற்றி அண்ணியின் மடியில் வைத்தா.

"நாளைக்குக் கீரிமலைக்குப் போவம். ஐயரிட்டைச் சொல்லிவிடு" என்றா என்னிடம்.

கொட்டையைச் சட்டியில் போட்டேன். சுவரில் கோடுகளுக்குக் கீழே எழுதினேன்.

ஒரு கோடியே நாற்பத்துநாலு.