தழும்பில்லாத அம்மா

வார்னிஷ் வாசனை போகாத புது மரச்சட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, யாரோ ஒரு அழகான பெண் எங்கள் தெம்பனிஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். எனக்கு ஏழு வயது. மாலை போட்டு, விளக்கேற்றி, "அம்மாவைக் கும்பிட்டுக்கோ" என்றார்கள். ஆள் யாரென்றே தெரியாமல் எப்படி அழுவது?

என் அம்மா கறுப்பு, கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு. அந்தக் குழிகளை விரலால் தடவிக்கொண்டேதான் நான் தூங்கிப்போவேன். கேமராவைக் கண்டால் மட்டும், "இந்த மூஞ்சிக்குப் படம் ஒண்ணுதான் கொறச்சல்" என்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அதனால் எங்கள் வீட்டுப் படங்களில் அவள் என் தோளைப் பிடித்த கையாகவோ, ஒரு சேலைத் தலைப்பாகவோதான் இருக்கிறாள்.

மிஞ்சியது அடையாள அட்டையில், அதாவது "ஐசி"யில், இருந்த சின்னப் படம். அதைப் பெரிதாக்கப் பெரியம்மா தேக்காவில் ஒரு ஸ்டூடியோவுக்கு என்னையும் கூட்டிப் போனார். சுமங்கலியாகப் போனவளின் படம் மங்கலமாக இருக்க வேண்டும் என்று பொட்டும் நகையும் தூரிகையால் வரைந்து கொடுக்கும் காலம் அது. "தழும்பையெல்லாம் எடுத்துடுங்க. கொஞ்சம் செவப்பாவும் போடுங்கலா, பாவம், அவளுக்கு ரொம்ப ஆசை" என்றார். அன்பாகத்தான் சொன்னார், நான் யார்மேல் கோபப்படுவது? ஐசியையும் பிறகு அரசாங்கத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இன்று புகைப்படமும் அச்சுக்கலையும்தான் என் பிழைப்பு. அந்தச் சட்டப் படத்தைச் செப்புத் தகட்டில் ஏற்றி, கன்னத்தில் ஒவ்வொரு குழியாகக் குத்தி, மை பூசி அச்செடுக்கிறேன். ஒன்றில் அம்மை கூடிப்போகிறது. இன்னொன்றில் வேறு யாரோ மாதிரி இருக்கிறாள். என் விரலுக்கு நினைவிருக்கிறது, கண்ணுக்கு இல்லை. என்னதான் செய்ய! பெரியம்மா போய்விட்டார், ஸ்டூடியோ இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. அம்மா பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார்.

போன மாதம், ஒருவழியாகச் சரியாக வந்துவிட்டது என்று நம்பி, ஒரு பிரதியை அப்பாவின் கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"யாரு இது?"

"அம்மாப்பா."

சுவரில் தொங்கிய பழைய படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்கம்மா நல்ல செவப்புலா. மூஞ்சில ஒரு தழும்பு கெடையாது."

காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார். அம்மாவின் முகம் தெரிந்த ஆள் இன்னும் ஒருவர் மிச்சமிருக்கிறார் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.