அவளைப் பார்க்க நான் கூட்டிய கூட்டம்

தொண்ணூறுகளின் தொடக்கம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நான் நர்ஸாக இருந்தேன். சென்னையில் படித்துக்கொண்டிருந்த சூடான் நாட்டு மாணவர் ஒருவர், ஆறு மாதக் கர்ப்பிணியான மனைவியை அழைத்து வந்தார். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது.

டாக்டர் வருவதற்குள் அவளைப் பரிசோதனைக்குத் தயார் செய்யப் போன நான் திகைத்துவிட்டேன். சிறு வயதிலேயே அவள் பெண்ணுறுப்பை அறுத்து, சின்னத் துவாரம் மட்டும் விட்டுத் தைத்திருந்தார்கள். சில ஊர்களில் அது வழக்கம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் வார்டில் ஒரு கெட்ட பழக்கம். வினோதமான கேஸ் வந்தால் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டுவோம். கற்றுக்கொள்கிறோம் என்று பெயர், உண்மையில் வேடிக்கைதான். எனக்கா வாய் சும்மா இருக்கும்? குரல் கொடுத்தேன். இரண்டு நர்ஸ்களும் ஆயாவும் ஓடி வந்தார்கள்.

"அடப் பாவிங்களா! இன்னாம்மா இது, யாரு இப்டி பண்ணது?" என்று ஆயா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

தமிழ் தெரியாவிட்டால் என்ன, எங்கள் முகம் தெரியாதா? துணியை இழுத்து மூடிக்கொண்டு எழுந்தவள், டாக்டரைப் பார்க்காமலேயே போய்விட்டாள். "எங்க போயிடுவா, தானா வருவா" என்றேன் நான், அலட்சியமாக.

வந்தாள், மூன்று மாதம் கழித்து. வாடகை வீட்டில் ஒன்றரை நாள் வலியில் துடித்து மயங்கியவளைக் கணவர் ஆட்டோவில் தூக்கி வந்தார். டாக்டர் அந்தப் பழைய தழும்பைப் பிரித்துக் குழந்தையை எடுத்தார். ஆண் குழந்தை. அழவே இல்லை; உயிர் முன்பே போயிருந்தது.

முன்பே வந்திருந்தால் பக்குவமாகப் பிரித்துவிட்டிருக்கலாமே, ஏன் வரவில்லை என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். எவ்வளவோ கூப்பிட்டேன், எல்லோரும் கூடி நின்று பார்ப்பார்கள் என்று வர மறுத்துவிட்டாள் என்றார் கணவர். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆனாலும் பாவி நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸாரிம்மா, தப்பு பண்ணிட்டேன்" என்று அழுதேன். அவள் கையை உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் வேலை பார்த்தேன்; யாரையும் கூப்பிட்டு எந்தப் பெண்ணையும் காட்டியதில்லை. அதனால் அவளுக்கு என்ன பிரயோஜனம்? அவளுக்கு அந்தக் கொடுமையைச் செய்தவர்கள் யாரோ, எங்கேயோ. ஆனால் உதவி கிடைக்க வேண்டிய வாசலுக்கே அவளைப் பயப்பட வைத்தது நான்தான்.