காசியின் ஜீப்பும் கழற்றிய ஃபில்டர்களும்

பழைய இன்ஜின் எண்ணெய் தகரச் சட்டியில் விழும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முதலில் தாரையாக, பிறகு சொட்டுச் சொட்டாக, கடைசியில் அடுத்த சொட்டு வருமா என்று நாம் காத்திருக்கும்படியாக. அது அடங்கும்வரை பொறுப்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது. பழைய ஜீப் வைத்திருந்து அவதிப்பட்டவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

என் கணவர் போனபின், கடலூரில் அவர் விட்டுச்சென்ற ஒர்க்‌ஷாப்பில் பெரிய வேலைகளை மெக்கானிக் யாகூப் பாய் பார்த்தார். எண்ணெய் மாற்றுவதும், அதை வடிகட்டும் ஃபில்டரை மாற்றுவதும் என் பங்கு.

கழற்றிப் போட்டது

தேவனாம்பட்டினத்துக் காசியிடம் நான்கு சக்கரமும் இழுக்கிற டீசல் ஜீப் ஒன்று இருந்தது. மணலில் படகுகளை மேலே இழுப்பதும், சிதம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோவதும் அதுதான். 2004 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை ஃபில்டர் மாற்ற விட்டுப் போனார். யாரோ முன்பு ஸ்பேனர் போட்டு இறுக்கியிருந்ததால் என் கைக்குக் கழலவில்லை. பாய் ஃபில்டரின் வயிற்றில் ஸ்க்ரூடிரைவரை அடித்து இறக்கி, திருகிக் கழற்றினார். புதியது திங்கட்கிழமைதான் கடைக்கு வரும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடல் வந்துவிட்டது. காசியின் வீடு, படகு, மனைவி அஞ்சலை மூன்றும் போயின. பல நாள் கழித்து வந்தவர், எண்ணெய் வடிந்து நின்ற ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு சொன்னார்: "இது ஒண்ணுதாங்க்கா நான் வெச்ச எடத்துல இருக்கு."

எவ்வளவு இறுக்குவது

புது ஃபில்டரைத் தானே மாட்டுகிறேன் என்றார். ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவ வேண்டும், அது இன்ஜினைத் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று திருகினால் போதும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திருகிக்கொண்டே இருந்தார்.

"மச்சான், நங்கூரமா கட்டுற? அடுத்த தடவ இத கழட்டப்போறது அக்காதான்" என்றார் பாய். காசி கையை எடுக்காமலே சொன்னார்: "கடலே வந்தாலும் கழலக் கூடாது பாய்."

இரண்டு வளையம்

சில வருடங்களுக்குப் பின், நாங்கள் ஒரு கல்யாணத்துக்காக ஊரில் இல்லாத நாளில், காசி சிதம்பரத்தில் சாலையோரம் ஒருவரிடம் ஃபில்டர் மாற்றிக்கொண்டார். மறுநாள் மீன் ஏற்றிப் போகும்போது புதுச்சத்திரம் தாண்டி வண்டி நின்றுவிட்டதாகப் போன் வந்தது. நானும் பாயும் பஸ் பிடித்துப் போனோம்.

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் அதன்மேலேயே புதியதை மாட்டியிருக்கிறார்கள். இரண்டு வளையத்துக்கு நடுவில் கசிந்து எண்ணெய் முழுவதும் ரோட்டில் போயிருந்தது. அடியில் சம்மட்டி போடுவதுபோல ஒரு சத்தம் கேட்கும்வரை காசி ஓட்டியிருக்கிறார். "செவப்பு ஆயில் லைட்டு எரியலியா? கண்ணு எங்க இருந்துச்சு ஒனக்கு?" என்று பாய் கத்தினார். காசி கூடைகளைக் காட்டினார்: "முன்னாடி லைட்டு எரியுது, பின்னாடி மீனு கெட்டுப்போவுது. நான் எதப் பாக்கறது பாய்?"

மினுமினுப்பு

பழைய வளையத்தை உரித்தெடுத்து, புது எண்ணெய் ஊற்றியதும் இன்ஜின் மறுபடி ஓடியது. அதன்பிறகு கழற்றிய ஃபில்டரை ஒவ்வொரு முறையும் அறுத்துப் பார்த்தோம். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்தால், தாமிரப் பொடி மினுமினுக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். இன்ஜினுக்குள் அச்சைத் தாங்கும் பேரிங் தேய்ந்து உதிர்கிறது என்று அதற்கு அர்த்தம்.

வேறு இன்ஜின் போட்டுக்கொள்ளச் சொன்னார் பாய். நெல்லிக்குப்பத்தில் ஒன்று விலைக்கு வந்திருந்தது, நல்ல இன்ஜின். காசி வேண்டாம் என்று தலையாட்டினார். மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரை மாற்றிவிடுங்கள், போதும் என்றார். அதனால் பேரிங் வளராது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். நானும் மாற்றிக்கொண்டே வந்தேன். ஒருநாள் பாய் பொறுமையிழந்து, "இந்த ஓட்ட இன்ஜின்ல அப்படி என்னதான்யா வெச்சிருக்க?" என்று கேட்டார்.

"வேற இன்ஜின் போட்டா வேற சத்தம் வரும் பாய். தெருக்கோடில இந்தச் சத்தம் கேட்டாத்தான் அஞ்சல ஒலைய எறக்கும்."

மணலில்

2011-இல் ஒரு காலை, படகு ஒன்றைப் பாதி தூரம் இழுத்தபோது இன்ஜின் இறுகிவிட்டது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஆட்கள் படகைக் கையாலேயே மேலே ஏற்றியிருந்தார்கள். பாய் கம்பி போட்டு இன்ஜினைச் சுழற்றப் பார்த்தார். அசையவில்லை. கம்பியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார், காசியின் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் பக்கத்தில் போய் நின்றேன். காசி அழவில்லை. பானெட்டை மெதுவாக மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி சொன்னார்: "நான் நிறுத்தலக்கா. அதுவா நின்னுச்சு."

அடுத்த வருடம் காசி, படகு இழுக்கும் டிராக்டர் ஒன்றுக்குச் சம்பள டிரைவராகப் போனார். அதன் ஃபில்டரை யார் மாற்றுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது, கேட்டதும் இல்லையாம்.