சுந்தரி முந்திக்கொண்டு சொன்ன பதில்

கல்யாணசுந்தரிக்குக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை. தருமபுரத்தில் வீடு, கணவர் சிவநாதனுக்குக் கொஞ்சம் நெல் நிலம், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள் இளவேனில். வீட்டு விஷயம் ஒன்றையும் வாய்தவறி வெளியே விடமாட்டாள் என்று அலுவலகத்தில் அவளுக்குப் பெயர். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

ஆடி மாதத்தில் ஒருநாள் துவைக்க எடுத்த மகளின் சீருடைப் பையில் விரல் நீளத்துக்கு ஊதா நிறத்தில் ஏதோ கிடைத்தது. முகர்ந்தால் மாம்பழ வாசம். மொபைலில் தேடிப் பார்த்தாள். வேப் என்கிற மின்சிகரெட். அரசாங்கம் தடை செய்த சாமான். கணவர் காதில் விழுந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார் என்று பயந்தாள். மகளிடம் கேட்டால் ஆமாம் என்றுவிடுவாளோ என்று அதைவிடப் பயந்தாள். எடுத்ததை இளவேனிலின் புத்தகப் பையில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

ஐப்பசி மழையில் இளவேனிலுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. உள்ளூர் டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தபடியே கேட்டார். "சிகரெட், வேப், அந்த மாதிரி பழக்கம் ஏதாவது உண்டாம்மா?"

மகள் வாயைத் திறப்பதற்குள் சுந்தரி முந்திக்கொண்டாள். "என்ன சார் இது, பொம்பளப் புள்ளகிட்ட கேக்குற கேள்வியா?"

டாக்டர் சங்கடப்பட்டு, மழைக் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதினார்.

ஆறாம் நாள் உதடு நீலம் பாய்ந்தது. புதுச்சேரிக்குக் கொண்டு ஓடினார்கள். நிமோனியா முற்றி, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. விலாவில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். அங்கே இளவேனிலே சொல்லிவிட்டாள். ஏழு மாதமாக ஊதுகிறாளாம், தோழி நிலாவோடு, ஒரே வேப்பை மாற்றி மாற்றி.

"அது நெஞ்சுல இருக்குற எதிர்ப்பு சக்தியையே கெடுத்துடும். கிருமி உள்ள போச்சுன்னா தாங்காது. முன்னாடியே சொல்லியிருந்தா அன்னைக்கே எக்ஸ்ரே எடுத்திருப்பாங்க" என்றார் அங்கிருந்த டாக்டர்.

சிவநாதன் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"ஆடியிலயே தெரியுங்க."

அவர் திட்டவில்லை. அன்றிலிருந்து தேவைக்கு மட்டும் பேசுகிறார்.

முப்பத்தெட்டு நாள் கழித்து மகள் வீடு திரும்பினாள். பள்ளிக் கோ-கோ விளையாட்டு அணியில் ஓடியவள், இப்போது வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

தை மாதம் நிலாவின் அம்மா முத்தமிழ் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலுவலகத்துக்கு வந்தாள். சுந்தரி அவளைத் தனியே கூப்பிட்டு ஒன்றுவிடாமல் சொன்னாள். "நிலாவையும் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

"உங்க புள்ள கெட்டது போதாதுன்னு எம்புள்ள பேரையும் இழுக்குறீங்களா?" முத்தமிழ் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சிவநாதனின் அண்ணன் போன் செய்து கேட்டார். உண்மைதான் என்றாள் சுந்தரி.

கட்டிலில் கிடந்த இளவேனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப ஊருக்கே சொல்ற. அன்னைக்கு என்னையப் பேச விட்டிருக்கலாம்லம்மா."

மூச்சு வாங்கியதில் அதையும் அவள் மூன்று தடவையாகத்தான் சொல்லி முடித்தாள்.