பகலில் உறங்கும் வீடுகள்

எங்கள் தெருவில் அறுபத்திரண்டு வீடுகள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் கால் மணி நேரம். எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் தெருவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் வேலையில் இருப்பார்கள், இன்னொரு பங்கு தூங்கிக்கொண்டிருக்கும். எதிர் வீட்டு சோனியா பகலில் தூங்குகிறவள். பாட்டில் கம்பெனியில் ஆறு வருடமாக இரவு ஷிப்டு, ஒப்பந்த வேலை. ஊத்துக்கோட்டைப் பக்கம் கடலைக் காட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள். லாரி ஓட்டப் போன கணவர் திரும்பி வராததால், கைக்குழந்தையாக இருந்த மகளோடு பதினெட்டு வருடத்துக்கு முன் இங்கே வந்தாள். அந்த மகள் இப்போது நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

ஒவ்வொரு கோடையிலும் எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் சாயங்காலத்தில் படுத்துவிடும். புதிது வர நாளாகும் என்று லைன்மேன் அருணாச்சலம் சொன்னார். அதுவரை நாமே கரண்டைக் குறைத்துச் சமாளிப்போம் என்று மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். தெருச் சங்கத் தலைவர் சின்னதுரை அண்ணன்தான் பேசினார்.

"பகல்ல ஊட்ல யாரு கீறாங்க? எல்லாம் காலி ஊடுதான். மோட்டாரு, கிரைண்டரு, வாஷிங் மிஷினு எல்லாத்தையும் பத்துலேர்ந்து நாலுக்குள்ள முடிச்சிக்கோங்க."

எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். என் மாவுக் கிரைண்டரைப் பதினோரு மணிக்கு மாற்றிக்கொண்டேன். சாயங்காலம் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. இரவு ஷிப்டிலிருந்து வந்து அந்த நேரம் படுத்திருந்த பத்தொன்பது வீட்டுக்காரர்களை யாரும் கேட்கவில்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

சோனியாவின் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பகல் வோல்டேஜ் இறங்கியதும் அவளுடைய ஃபேனின் இறக்கைகளை எண்ணிவிடலாம் போல் இருந்தது. ஈரத்துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். நான்காம் நாள் ராத்திரி கன்வேயர் பக்கத்தில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள். பாட்டில்கள் சரிந்து உடைந்தன. சூப்பர்வைசர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சொன்னாராம்: "இன்னொரு வாட்டி பாத்தேன், கேட்ல பாஸைக் குடுத்துட்டுப் போய்க்கினே இரு."

அடுத்த ஞாயிறு தூங்காமலேயே கூட்டத்துக்கு வந்தாள். கூட்டத்தில் அவள் எழுந்து பேசியதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"காலி ஊட்ல மோட்டார யாருண்ணா போடுறது? பேயா?"

கொட்டகையே சிரித்தது. சின்னதுரை அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நைட்டு ஷிப்டுக்காரங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்மா. ஊருக்காகத்தான?"

"நாங்களும் ஊருதாண்ணா. உங்க கூட்டத்துக்கு வர்றதுக்கு எங்களுக்குக் கண்ணு முழிக்கல, அவ்ளோதான்."

பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். எல்லா ஷிப்டுக்காரர்களும் சேர்ந்து வர முடியாது. ஆகவே ஒரே கூட்டத்தை மூன்று முறை போட வேண்டும், மூன்றிலும் சம்மதம் வந்தால்தான் முடிவு. "யாரு நடத்துறது? நீயா?" என்றார் அவர். "நான்தான்" என்று உட்கார்ந்தாள்.

மறுநாள் ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் ஸ்டிக்கர் பொட்டு கேட்டாள். பொட்டே வைக்காத கிறிஸ்தவப் பெண் சிவப்பில் இருபது அட்டை, பச்சையில் இருபது அட்டை வாங்கினால் கடைக்கார ஞானம்மா சும்மா விடுவாளா? "இன்னாடி சோனியா, பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டுதலா?"

"தெருவுக்கே பொட்டு வைக்கப் போறேன்கா."

சனிக்கிழமை. அன்று இரவு அவளுக்கு வார விடுப்பு என்பதால் அந்த நாளைப் பிடித்தாள். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் இருபத்துநான்கு மணிக்கு இருபத்துநான்கு கட்டம் வரைந்தாள். வீட்டில் யாராவது தூங்கும் மணியில் சிவப்பு, மோட்டாரோ கிரைண்டரோ ஓடும் மணியில் பச்சை. காலை ஏழுக்கு இரவு ஷிப்டு இறங்கியது, ஜெனரல் ஷிப்டு ஏறக் காத்திருந்தது. மதியம் ஒன்றேகாலுக்கு இரண்டாம் ஷிப்டு. இரண்டே முக்காலுக்கு முதல் ஷிப்டு. வரவர ஒட்டிவிட்டுப் போனார்கள். சின்னதுரை அண்ணன் பேனரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என் பொறந்தநாளு பேனரும்மா இது! மூஞ்சியத் தரைல போட்டு வெச்சிருக்க?" என்றார்.

"உங்க மூஞ்சியாவது பகல்ல தூங்கட்டும்ணா."

மூன்று மணிக்குள் பேனரே பதில் சொல்லிவிட்டது. சிவப்பு இல்லாத நேரம் இரண்டுதான்: காலை ஏழிலிருந்து எட்டு, மாலை நாலிலிருந்து எட்டு. இன்னொன்றும் தெரிந்தது. பச்சைப் பொட்டுகள் பதினோரு மணிக் கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொன்னதில்லை. பக்கத்து வீட்டு மோட்டார் சத்தம் கேட்டால் நம் தண்ணீரையும் அவன் இழுத்துவிடுவான் என்று நாமும் போட்டுவிடுவோம். ஒரு மோட்டார் கத்தினால் நாற்பது மோட்டாரும் கத்தும். சாயங்காலம் டிரான்ஸ்ஃபார்மர் படுத்ததும் இதனால்தான்.

"வரிசைக்கு அரை மணி நேரம்" என்றாள் சோனியா. "மோட்டாருக்கு, எதிரெதிர் ஊடு சேத்து நாலு வரிசை, நாலுலேர்ந்து ஆறு. காலைல கிரைண்டரும் வாஷிங் மிஷினும்."

ரிட்டயர்டு ஃபிட்டர் மோசஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "மொத வரிசைக்காரன் உறிஞ்சிட்டா, கடைசி வரிசைக்கு இன்னா, காத்தா வரும்?"

"வாரத்துக்கு வாரம் மாத்திக்கலாம் தாத்தா. மொத வாரம் எங்க வரிசையே கடைசி."

மோசஸ் மீசையைத் தடவினார். "அப்போ சரி. பேஜாரு இல்ல." திங்கட்கிழமை காலை ஏழுக்கும் மதியம் ஒன்றேகாலுக்கும் பஸ் நிற்கும் இடத்தில் இதையே சொல்லி, மற்ற ஷிப்டுகளின் சம்மதத்தையும் வாங்கினாள்.

முதல் வாரம் எங்கள் வரிசையில் எல்லோருக்கும் விரல் துடித்தது. மூன்று வரிசை மோட்டார்களையும் கேட்டுக்கொண்டு சுவிட்ச் பக்கத்திலேயே நின்றோம். ஐந்தரைக்குப் போட்டோம். தண்ணீர் கொட்டியது. வோல்டேஜ் நன்றாக இருந்ததால் பத்து நிமிடத்தில் தொட்டி நிறைந்தது. அடுத்த முறை மீட்டர் கணக்கெடுத்தபோது பெரும்பாலான வீடுகளில் யூனிட் குறைந்திருந்தது. நான் காலை ஏழுக்கே மாவு அரைத்து முடித்துவிடுகிறேன்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கி முடியும்வரை ஒருநாள்கூட ஃப்யூஸ் போகவில்லை. அருணாச்சலம் டிரான்ஸ்ஃபார்மரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா மந்திரம் பண்ணீங்க?" என்றார். பஸ் நிற்கும் இடத்துக் கூட்டம் இப்போது மாதாமாதம் நடக்கிறது. புயல் வந்தால் படுக்கையில் இருப்பவர்களை எந்த மாடிக்கு யார் தூக்குவது, எந்த வீட்டு இன்வெர்ட்டரில் போன் சார்ஜ் போடுவது என்றெல்லாம் ஷிப்டுவாரியாகப் பெயர் எழுதியாகிவிட்டது. மே கடைசியில் சோனியாவின் ஒப்பந்தத்தை இன்னொரு வருடத்துக்கு நீட்டிவிட்டார்கள்.

நேற்று மதியம் ஒரு மணிக்குப் பக்கத்து நகர்க்காரர்கள் பத்துப் பேர், தங்கள் தெருவுக்கும் வந்து சொல்லித்தர வேண்டும் என்று அவளைத் தேடி வந்தார்கள். கதவைத் தட்டக் கை ஓங்கியவரின் கையைச் சின்னதுரை அண்ணனே ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், அந்தம்மா தூங்குது. நாலு மணிக்கு வா."

உள்ளே ஃபேன் வேகமாகச் சுற்றும் சத்தம் தெருவரை கேட்டது. பத்துப் பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நடந்து போனார்கள்.