கொரியன் ஓட்டலில் இரண்டு வாய்

சத்தியவேடு தாண்டியதும் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே தீவு போல ஒரு தொழிற்சாலை நகரம் வருகிறது. பீகார் ரொட்டிக் கடை, ஒரிசா மீன்குழம்புக் கடை, கொரியன் ஓட்டல் என்று எல்லாமே புதிது. திங்கட்கிழமை மகளுக்கு இதய ஆபரேஷன். அதற்காகப் புரட்டாசி விரதமிருந்து திருப்பதிக்கு நடக்கிறேன். புது ருசி தேடும் நாக்கு மட்டும் அடங்கவில்லை. கறி இல்லாதது எது என்று கல்லாவில் இருந்தவரிடம் கேட்டு, கொரியன் ஓட்டலில் சோறும் ஊறவைத்த முட்டைக்கோஸும் வாங்குகிறேன்.

இரண்டு வாய் உள்ளே போனபின், தண்ணீர் வைக்க வந்த பெண் என் மஞ்சள் வேட்டியைப் பார்க்கிறாள்.

“திருப்பதிக்கு நடந்துக்கினு இருக்கீங்களாணா? அத்த துன்னாதீங்க. மீன் சாறு ஊத்திதான் ஊறவெப்பாங்க.”

“வெஜ்ஜுன்னு சொன்னாரே.”

“கண்ணுக்குக் கறி தெரியலன்னா அவங்களுக்கு வெஜ்ஜுதான்ணா.”

தட்டைத் தள்ளி வைக்கிறேன். அவள் உள்ளே போய்த் தன் டப்பாவை எடுத்து வந்து வைக்கிறாள்.

“தயிர்சாதம். நானும் விரதந்தான். துன்னுங்க.”

போன் அடிக்கிறது. மனைவி.

“என்னா சாப்ட்டீங்க?”

டப்பாவைத் திறந்து, அவசரமாக ஒரு வாய் விழுங்கிவிட்டுச் சொல்கிறேன்.

“தயிர்சாதம்.”