கிழக்கு பார்த்த ஏரியல்

போன வாரம் சரஸ்வதி பூஜைக்கு உங்கள் வீட்டில் எதற்கெல்லாம் பொட்டு வைத்தீர்கள்? எங்கள் வீட்டில் தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, என் டைப்ரைட்டர், டெலிவிஷன் பெட்டி என்று வைத்துக்கொண்டே வந்த என் மனைவி காமாட்சி, கடைசியில் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அது என்றால் ஏரியல். டெலிவிஷன் வாங்கிய அன்று கடைக்காரர் வந்து ஓட்டுக் கூரையில் நட்டுவிட்டுப் போன கம்பி. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய எங்கள் சந்தில் இப்போது கூரைக்குக் கூரை இதுதான் முளைக்கிறது. காக்கைகளுக்குக் கொண்டாட்டம்.

காமாட்சியின் தம்பி சுந்தரம் கடற்படைத் தளத்தில் ஃபிட்டர். ஏணியைக் கண்டால் சும்மா இருக்க மாட்டான். சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகையோடு ஏறினான். பொட்டு வைத்தான், பூச்சூட்டினான். அதோடு இறங்கியிருக்கலாம்... பூஜைக்கு வைத்த சாமான் எல்லாம் கிழக்கு பார்த்திருக்க, இது மட்டும் மேற்கே பார்த்து நிற்கிறதே என்று பட்டிருக்கிறது அவனுக்கு. போல்ட்டைத் தளர்த்தி, கிழக்கே திருப்பி, இறுக முடுக்கிவிட்டு வந்து பெருமையாகச் சொன்னான். அக்காவுக்குத் தம்பியை நினைத்து உச்சி குளிர்ந்தது. எனக்கும் அதில் தப்பொன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் கீழ்வீட்டுச் சிவகாமி அக்கா சுண்டலோடு மாடியேறி வந்தார்.

"குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் லா," என்றவர், போகவில்லை. டெலிவிஷனுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார். எத்தனையோ தடவை கூப்பிட்டும் தலைவலி வரும் என்று வராதவர்.

ஏன் வந்தார் என்று எங்களுக்குத் தெரியும். அன்றைக்குத் தமிழ் நிகழ்ச்சியில் அவர் மகள் லலிதா பாடுகிறாள். கணவர் போன பிறகு தனி ஆளாக வளர்த்த ஒரே மகள். போன வருஷம், ஆபீசில் கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிறிஸ்துவப் பையனைப் பிடித்துப்போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். தோ பாயோவில் புது ஃப்ளாட். ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். அம்மாவும் ஏறவில்லை, மகளும் ஏறவில்லை. இதே ஊரில் இருந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒரு வருஷம்.

பெட்டியைப் போட்டேன். திரையெல்லாம் ஒரே புள்ளித் தூறல். தூறலுக்குள்ளே அறிவிப்பாளர் இரண்டு பேராகத் தெரிந்தார். ஒருவர் நிஜம், பக்கத்தில் ஒட்டியபடி அவருடைய ஆவி. நிகழ்ச்சி ஆரம்பமாகிவிட்டது. லலிதா பேரைச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அக்கா முந்தானையை விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

கடைக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மேற்கே மலைமேல் ஒரு கோபுரம். படமெல்லாம் அங்கிருந்துதான் புறப்பட்டு வருகிறது. ஏரியல் அதற்கு முகம் காட்டி நிற்க வேண்டும். முதுகைக் காட்டினால் நேரே வருவது சரியாகக் கிடைக்காது. கிழக்கே எழும்பியிருக்கும் அடுக்குமாடிச் சுவர்களில் மோதி, திரும்பி, சற்றே பிந்தி வருவதும் சேர்ந்துகொள்ளும். அதுதான் அந்த ஆவி!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மலையிலிருந்து ஒரு பெண்ணின் முகம் கிளம்புகிறது. தோட்டங்களுக்கு மேலே, கால்வாய்க்கு மேலே, மூங்கில் கழிகளில் காயும் ஈரத்துணிகளுக்கு ஊடே... யார் மேலும் படாமல், யாருக்கும் தெரியாமல் மிதந்து வருகிறது. இதைப் படிக்கும் உங்கள் தலைக்கு மேலேயும் இந்த நிமிஷம் யாரோ பாடிக்கொண்டு போகலாம். எனக்கு அன்றிலிருந்து வானத்தைப் பார்த்தால் காலியாகவே தோன்றுவதில்லை.

சுந்தரம் மறுபடி கூரையில். காமாட்சி ஜன்னலில். அக்கா பெட்டி முன்னால்.

"மாமா, வந்துடுச்சா?" மேலிருந்து குரல்.

"இன்னும் கொஞ்சம் திருப்பு. அய்யோ, போச்சு. பழையபடி வா... மெதுவா."

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பாட்டு பாதி தாண்டிவிட்டது. தூறல் மெல்ல அடங்கியது. இரண்டு லலிதாக்கள் ஒருவரை ஒருவர் நெருங்கி, நெருங்கி... ஒருத்தி ஆனார்கள். நெற்றியில் பொட்டு. கழுத்தில் அம்மா போட்ட சங்கிலி.

"போதும் தம்பி," என்றார் அக்கா. கூரைக்கு எப்படிக் கேட்கும், அவ்வளவு சின்னக் குரல். காமாட்சிதான் எடுத்துச் சொன்னாள்.

அக்கா கண் இமைக்கவில்லை. மகளின் உதடு அசைவதோடு அவர் உதடும் அசைந்தது. பாட்டு முடிந்து வேறு யாரோ வந்து பேசினார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்ளோ மெலிஞ்சிட்டா பாருங்க தம்பி. கன்னமே இல்ல," என்றார். "ஆபீசு, வீடுன்னு ஓடிக்கிட்டு எங்கே சமைக்கிறா, என்னத்தைச் சாப்பிடுறா..."

நான் எழுந்து பெட்டியை அணைத்தேன்.

எழுந்தார். வாசல்வரை போனவர், எங்களைப் பார்க்காமலே கேட்டார்.

"தோ பாயோவுக்கு இங்கிருந்து எந்த பஸ்ஸு லா?"

மறுநாள் காலை, இரண்டு அடுக்கு டிபன் கேரியரோடு அக்கா சந்து முனையைத் தாண்டிப் போனதைக் காமாட்சி ஜன்னலிலிருந்து பார்த்தாள். திரும்பி வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கூடவே லலிதாவும், மாப்பிள்ளையும்.

லலிதா நன்றாகப் பூசினாற்போல்தான் இருந்தாள். எங்கள் பெட்டியில் ஏதோ கோளாறு... படம் இரண்டு பக்கமும் ஒடுங்கி, யார் வந்தாலும் ஒல்லியாகத்தான் தெரிவார்கள். சரிசெய்ய வரச் சொல்லியிருந்த மெக்கானிக்கை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.